சுங்குடிக் கடைக்கு ஒரு சமூக ஊடகப் பக்கம்

முன்னுரை

பொருள், விலை, இடம், விளம்பரம் ஆகிய நான்கும் விற்பனையின் தூண்கள் என்று வணிகவியல் மாணவர்களாகிய நாம் முதலாம் ஆண்டிலேயே படித்துவிடுகிறோம். 1960ஆம் ஆண்டில் மெக்கார்த்தி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் தம் நூலில் வகுத்துத் தந்த பாகுபாடு அது. தேர்வில் அந்நான்கையும் எழுதி மதிப்பெண் பெறுவது எளிது. ஆனால் நம் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் சரக்குக்கு அவற்றைப் பொருத்திப் பார்க்கும்போதுதான் படித்தது எவ்வளவு, படிக்காதது எவ்வளவு என்பது விளங்குகிறது.

இன்று சிறு வணிகர் பலரும் சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் திறக்க விரும்புகின்றனர். பெரும்பாலும் அந்த வேலை வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் தலையில்தான் வந்து விழுகிறது. என் தலையிலும் விழுந்தது. அதை எப்படிச் செய்தேன், எங்கே தவறினேன், பின்னர் எவ்வாறு திருத்திக்கொண்டேன் என்பவற்றை என் போன்ற மாணவ மாணவியர்க்குப் பயன்படும் வகையில் எழுத முற்படுகிறேன். பக்கம் திறக்கப் பத்து நிமிடம் போதும். திறந்த கடையை நாணயத்தோடு நடத்துவதற்குத்தான் பாடம் வேண்டியிருக்கிறது.

எடுத்துக்கொண்ட தொழில்

என் அன்னையும் அத்தையும் மதுரைச் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுக் கட்டுபவர்கள். பருத்திச் சேலையை மடித்து, குறியிட்ட இடங்களில் துணியை நுனிவிரலால் சிறிது கிள்ளியெடுத்து, நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் விழும். பிறகு சேலை சாயம் தோய்க்கப் போகும். காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடமெல்லாம் புள்ளியாக நிற்கும். சௌராட்டிர மக்கள் மதுரையில் வளர்த்த இக்கலை, 2005ஆம் ஆண்டில் மதுரைச் சுங்குடி என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றது. இன்று பல சமூகப் பெண்களும் இவ்வேலையைச் செய்து வருகின்றனர்.

பல ஆண்டுகள் இருவரும் கூலிக்கே கட்டிவந்தனர். சேலை எங்கே போயிற்று, யார் உடுத்தினர், என்ன விலைக்கு விற்றது என்பது அவர்களுக்குத் தெரியாது. பிறகு துணிந்து, தாங்களே வெள்ளைச் சேலை வாங்கி, முடிச்சுக் கட்டி, கூலி கொடுத்துச் சாயம் தோய்த்து, தெரிந்தவர்களுக்கு விற்கத் தொடங்கினர். தெரிந்தவர்கள் வட்டம் சிறியது. ஒரே தெருவில் ஒருவரே எத்தனை சேலை வாங்குவார்? இந்நிலையில்தான் அத்தை என்னிடம், “என்னம்மா, நீ படிக்கிற படிப்புக்கு இதுக்கு ஒரு வழி இல்லையா?” என்று கேட்டார்.

சமூக ஊடகம்: ஒரு சிறு வரலாறு

பேஸ்புக் எனப்படும் முகநூல் 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களிடையே தோன்றியது. நண்பர்கள் பேசிக்கொள்ளும் இடமாக இருந்த அது, 2007ஆம் ஆண்டின் இறுதியில் வணிக நிறுவனங்களுக்கென்று தனிப் பக்கங்களை அனுமதித்தது. 2009இல் வாட்ஸாப்பும், 2010இல் இன்ஸ்டாகிராமும் தோன்றின. 2012இல் இன்ஸ்டாகிராமையும் 2014இல் வாட்ஸாப்பையும் பேஸ்புக் நிறுவனமே வாங்கிக்கொண்டது. 2018இல் சிறு வணிகர்க்கென வாட்ஸாப் பிசினஸ் என்னும் தனிச் செயலி வந்தது. 2021இல் தாய் நிறுவனம் தன் பெயரை மெட்டா என மாற்றிக்கொண்டது. ஆக, நம்மூர்ச் சிறுவணிகர் அதிகம் பயன்படுத்தும் இம்மூன்று கடைத்தெருக்களும் ஒரே உரிமையாளருக்குச் சொந்தம் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

இதனை வற்புறுத்தக் காரணம் உண்டு. 2021 அக்டோபர் 4ஆம் நாள் இம்மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகெங்கும் ஒருசேர நின்றுபோயின. 2020 ஜூன் மாத இறுதியில் டிக்டாக் செயலி இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் சேர்த்து வைத்த பார்வையாளர் கூட்டம் அடியோடு போயிற்று. சமூக ஊடகப் பக்கம் என்பது வாடகைகூட வாங்காமல் பிறர் தந்த இடம். அவர் எப்பொழுது வேண்டுமாயினும் கதவைச் சாத்தலாம். எனவே வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும், அவர்கள் சம்மதத்தோடு, நம் வீட்டு நோட்டுப் புத்தகத்திலும் இருத்தல் வேண்டும்.

தனிக்கணக்கும் வணிகப் பக்கமும்

தன் சொந்தக் கணக்கிலேயே சேலைப் படங்களைப் போட்டால் ஆகாதா என்று கேட்பாரும் உளர். ஆகும், ஆயினும் சிறிது தூரமே செல்லும். முகநூலில் தனிக்கணக்கு வைத்திருப்பவர் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்த்துக்கொள்ள இயலாது. பக்கத்தைப் பின்தொடர்வோர்க்கு அவ்வரம்பு இல்லை. தனிக்கணக்கு ஒருவருடையது, பக்கத்தையோ இருவர் மூவர் சேர்ந்து நிர்வகிக்கலாம். எத்தனை பேர் பார்த்தனர், எந்த ஊரினர், எந்தப் படத்தை விரும்பினர் என்ற கணக்கும் பக்கத்தில் கிடைக்கும். இவையனைத்தினும் மேலாக, வீட்டுச் செய்தியும் கடைச் செய்தியும் கலவாதிருப்பது பெண்கள் நடத்தும் தொழிலுக்குப் பெரிய பாதுகாப்பு.

திறக்குமுன் எழுத வேண்டியவை

கைப்பேசியைக் கையில் எடுக்குமுன் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தல் நலம். அத்தாளில் ஐந்து வினாக்களுக்கு விடை எழுத வேண்டும்.

முதலாவது, பெயர். சொல்ல எளிதாகவும், வேறொருவர் வைத்திராததாகவும் இருத்தல் வேண்டும். பொருளின் பெயரும் ஊரின் பெயரும் அதில் இருந்தால் தேடுவோர்க்கு அகப்படும். முகநூலில் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். இன்ஸ்டாகிராமின் பயனர் பெயருக்கோ ஆங்கில எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு இவை மட்டுமே உதவும். ஆகவே தமிழ்ப் பெயரை எவ்வாறு ஆங்கில எழுத்தில் எழுதுவது என்பதை ஒருமுறை முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதனையே கையாள வேண்டும்.

இரண்டாவது, நாம் என்ன விற்கிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுதல். “கையால் முடிச்சுக் கட்டிய பருத்திச் சுங்குடிச் சேலைகள், மதுரையிலிருந்து” என்று நாங்கள் எழுதினோம். இவ்வாக்கியம் அமைய மூன்று நாள் ஆயிற்று என்றால் நம்பமாட்டீர்கள். மூன்றாவது, விலை. நான்காவது, அனுப்பும் முறையும் அதற்கு ஆகும் செலவும். ஐந்தாவது, பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோமா, எத்தனை நாளுக்குள், யார் செலவில் என்பது. இவ்வைந்தாவது வினாவுக்கு விடை எழுதாமல் கடை திறப்போர் பிற்பாடு வாடிக்கையாளருடன் வழக்காட நேரிடும்.

திறக்கும் முறை

முகநூலில் பக்கம் திறக்க ஒரு தனிக்கணக்கு முதலில் இருக்க வேண்டும். அது உண்மைப் பெயரில் அமைதல் நன்று. அக்கணக்கின் பட்டியலில் ‘பேஜஸ்’ என்ற பகுதிக்குச் சென்று புதிய பக்கம் உருவாக்கும் பொத்தானை அழுத்தினால், பக்கத்தின் பெயர், வணிக வகை, சிறு அறிமுகம் ஆகியவற்றைக் கேட்கும். தாளில் எழுதியவற்றை அங்கே இட வேண்டியதுதான். அடுத்து முகப்புப் படம், மேற்படம், தொடர்பு எண், நேரம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். முகப்புப் படம் கைப்பேசியில் சுண்டுவிரல் நகத்தளவே தெரியும். ஆதலின் அதில் நிறைய எழுத்துக்களைத் திணித்தல் வீண். நாங்கள் நீலச் சேலையின் புள்ளிகளை மட்டும் வைத்தோம்.

இன்ஸ்டாகிராமில் சாதாரணக் கணக்கைத் தொடங்கி, அமைப்புகள் பகுதியில் அதனைத் தொழில்முறைக் கணக்காக மாற்றி, வணிகம் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை. வாட்ஸாப் பிசினஸ் செயலிக்குத் தனி எண் ஒன்று இருப்பது சிறப்பு. அதில் பொருள்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கும் பட்டியல் வசதி உண்டு. நாம் இல்லாத நேரத்தில் தானே செல்லும் மறுமொழியையும் எழுதி வைக்கலாம். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் பார்த்தவர் விலைபேச வந்து சேரும் இடம் பெரும்பாலும் வாட்ஸாப்பாகவே இருப்பதால், பக்கத்தில் அந்த எண்ணை இணைத்துவிட வேண்டும்.

சாவி யாரிடம்?

இவ்விடத்தில் என் பெரும் தவற்றைச் சொல்லியாக வேண்டும். முதலாம் ஆண்டில் நான் திறந்த முதல் பக்கம் இப்போது எங்களிடம் இல்லை.

அவசரத்தில், வீட்டில் சும்மா கிடந்த ஒரு சிம் அட்டையின் எண்ணைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கினேன். மின்னஞ்சல் முகவரி ஒன்றையும் அப்பொழுதே உண்டாக்கி, அதன் கடவுச்சொல்லை எங்கும் எழுதி வைக்கவில்லை. எட்டு மாதம் பக்கம் நன்றாகவே நடந்தது. முன்பின் தெரியாத பதினொரு பேர் சேலை வாங்கினர். இதனிடையே அந்தச் சிம் அட்டைக்கு ரீசார்ஜ் செய்வதை நிறுத்திவிட்டோம். பிறகு ஒரு நாள் என் கைப்பேசி தண்ணீரில் விழுந்து பழுதாயிற்று. வேறு கைப்பேசியில் பக்கத்தைத் திறக்க முயன்றபோது, “உங்கள் எண்ணுக்குக் குறியீடு அனுப்பியுள்ளோம்” என்றது. அந்த எண்ணோ உயிரோடு இல்லை. மின்னஞ்சலின் கடவுச்சொல்லும் நினைவில் இல்லை.

கொடுமை என்னவெனில், பக்கம் அழியவில்லை. இன்றும் அது இருக்கிறது. பழைய விலைகள் அதில் இருக்கின்றன; யாரோ ஒருவர் நீலச் சேலை இருக்கிறதா என்று கேட்டது இருக்கிறது; அதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. விளக்கெரியும் கடைக்குள் நுழைய வழியின்றி நாங்களே தெருவில் நிற்பது போல ஆயிற்று. என் அன்னை என்னைத் திட்டவில்லை. “அந்தப் பதினோரு பேருக்கும் நம்ம எப்படித் தெரியப்படுத்துறது?” என்று மட்டும் கேட்டார். அவர்களுடைய எண்களும் அந்தக் கைப்பேசியோடு போய்விட்டிருந்தன. அந்தக் கேள்விதான் எனக்குத் தண்டனை.

இரண்டாம் முறை பக்கம் திறந்தபோது சில விதிகளைக் கைக்கொண்டேன். கணக்கு அன்னையின் பெயரில், அவர் நாள்தோறும் பயன்படுத்தும் எண்ணில். மின்னஞ்சல் அவருக்கென்று உண்டாக்கியது. பக்கத்தின் முழு அதிகாரம் இருவருக்கு: அன்னைக்கும் எனக்கும். இரட்டைச் சரிபார்ப்பு முறையை இயக்கி, அது தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வைத்தோம். கடவுச்சொல்லும் அங்கேயே இருக்கிறது. நான் மணமாகியோ வேலை கிடைத்தோ வெளியூர் சென்றாலும் கடை அவர்களிடமே இருக்க வேண்டும் அல்லவா?

பூட்டைப் பற்றிச் சொல்லும்போது திருடரைப் பற்றியும் சொல்ல வேண்டும். “உங்கள் பக்கம் விதிகளை மீறியுள்ளது; இருபத்துநான்கு மணி நேரத்தில் நீக்கப்படும்; இந்த இணைப்பை அழுத்தி முறையிடுக” என்று நிறுவனமே அனுப்பியது போன்ற செய்திகள் வரும். அழுத்தினால் கடவுச்சொல்லைக் கேட்கும். கொடுத்தால் பக்கம் பறிபோகும். நிறுவனத்தின் உண்மையான அறிவிப்பை நம் கணக்கின் உள்ளே சென்றே பார்க்கலாம். எவர் கேட்டாலும் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லலாகாது.

படமும் உண்மையும்

கடைக்கு வருபவர் துணியைத் தொட்டுப் பார்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், உள்மடிப்பை விரித்துப் பார்ப்பார். பக்கத்தில் பார்ப்பவர்க்கு இவை மூன்றும் இல்லை. படமே அவருக்குக் கை, படமே கண். ஆகையால் படத்தில் பொய் இருந்தால் அது பேச்சில் சொன்ன பொய்யினும் பெரிது.

இதையும் பட்டே கற்றேன். இரவில் குழல் விளக்கின் கீழ் எடுத்த படம் ஒன்றைப் போட்டு, நிறம் எடுப்பாகத் தெரியட்டும் என்று கைப்பேசியிலேயே சிறிது மெருகேற்றினேன். திருச்சியிலிருந்து ஓர் ஆசிரியை அரக்கு நிறம் என்று எண்ணி வாங்கினார். கைக்குப் போனது கத்தரிப்பூ நிறம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை; பகலில் எடுத்த படத்தை அனுப்பி, “நீங்களே பாருங்கள்” என்றார். எங்கள் செலவில் சேலையைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுத்தோம். அதில் போன அஞ்சல் செலவு ஒரு பாடநூலின் விலை. பாடமும் கிடைத்தது.

அன்று முதல் காலை வேளையில், நேர் வெயில் படாத நிழல் வெளிச்சத்தில், மெருகின்றியே படம் எடுக்கிறோம். ஒவ்வொரு சேலைக்கும் மூன்று படங்கள்: விரித்த தோற்றம், முந்தானை, புள்ளிகள் தெரியும் அண்மைப் படம். கீழே நீளம், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா, விலை, துவைக்கும் முறை ஆகியவற்றை எழுதுகிறோம். முதல் சலவையில் சாயம் சிறிது இறங்கும் என்றால் அதையும் எழுதுகிறோம். இதை எழுதினால் யார் வாங்குவார் என்று நான் அஞ்சினேன். எழுதியபின் இதுபற்றிய புகார் ஒன்றுகூட வரவில்லை.

இதனினும் பெரிய சோதனை ஒன்று வந்தது. இன்று சுங்குடி என்ற பெயரில் விற்பவற்றில் அச்சடித்த புள்ளிகளைக் கொண்ட சேலைகளும் பல. அவை விலை குறைவு, விரைவில் கிடைக்கும், பார்க்கவும் அழகு. அவற்றை விற்பதில் குற்றமும் இல்லை. ஆனால் உறவினர் ஒருவர், அவற்றை வாங்கிவந்து கைமுடிச்சுச் சேலைகளோடு கலந்து, எல்லாவற்றுக்கும் ‘சுங்குடி’ என்று மட்டும் எழுதிவிடுமாறு யோசனை சொன்னார். ‘கைமுடிச்சு’ என்று எழுதினால்தானே பொய். வெறும் ‘சுங்குடி’ என்றால் பொய்யாகாதே என்பது அவர் வாதம். எனக்கும் அது தவறாகத் தோன்றவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

அன்னை தம் வலக்கை விரல்களை என்முன் நீட்டினார். நூல் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரல்கள். “இது எதுக்குக் காய்ச்சுச்சுன்னு வாங்கறவங்களுக்குத் தெரியணும்ல? ரெண்டையும் ஒண்ணாப் போட்டா, நானும் மதினியும் கட்டுனதுக்கு என்ன மதிப்பு?” என்றார். அதன்பின் நான் பேசவில்லை. இன்று எங்கள் பக்கத்தில் இருவகைச் சேலைகளும் உள்ளன. ஆனால் தனித்தனித் தொகுப்பாக உள்ளன. கைமுடிச்சுப் புள்ளிகள் ஒன்றுபோல் மற்றொன்று இராது என்பதையும், அவிழ்த்த இடத்தில் துணி சிறிது சுருங்கி நிற்கும் என்பதையும், அச்சுப் புள்ளிகள் அளந்து வைத்தாற்போல் இருக்கும் என்பதையும் இரு படங்களை அருகருகே வைத்து விளக்கியுள்ளோம். எங்கள் பக்கத்திலேயே மிகுதியானவர்கள் பிறர்க்கு அனுப்பியது அந்த விளக்கத்தைத்தான்.

பதில் சொல்லுதல்

பல பக்கங்களில் விலை கேட்டால், தனியே செய்தி அனுப்புங்கள் என்று பதில் வரும். கேட்பவர்க்கு ஐயம் எழுகிறது: ஆளுக்கொரு விலையோ? நாங்கள் விலையைப் படத்தின் கீழேயே எழுதிவிடுகிறோம். இதனால் விலை கேட்போர் தொகை குறைந்தது. வாங்க நினைத்தே பேசுவோர் தொகை கூடியது.

இரவும் பகலும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் முடிச்சுக் கட்டுவது யார்? பாடம் படிப்பது யார்? இரவு எட்டு மணி முதல் ஒன்பது மணிவரை பதில் கூறும் நேரம் என்று பக்கத்தில் எழுதியுள்ளோம். குறை சொல்லி எழுதுபவர்க்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், பொறுமையாகப் பதில் சொல்கிறோம். குறையை அழித்துவிடுவது எளிது. அதைக் கண்ட பத்துப் பேர் மனத்திலிருந்து அழிப்பது அரிது.

பின்தொடர்வோர் எண்ணிக்கையைப் பற்றி ஒரு சொல். பணம் கொடுத்தால் ஆயிரக்கணக்கில் பின்தொடர்வோரைச் சேர்த்துத் தருவதாகச் சொல்வோர் உளர். அவர்கள் சேர்ப்பவை பெரும்பாலும் போலிக் கணக்குகள். போலிக் கணக்கு சேலை உடுத்தாது. நாங்கள் நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்திகள் இட்டுள்ளோம்: கேட்டவர், வாங்கியவர், மீண்டும் வாங்கியவர், பிறரை அனுப்பி வைத்தவர். கடைசி இரண்டு பத்திகளே பக்கத்தின் உண்மையான நிலையைக் காட்டுகின்றன. கட்டணம் செலுத்தி விளம்பரம் செய்யும் வசதியும் உண்டு. ஆனால் போதிய படங்களும், ஒழுங்கான விவரங்களும் சேருமுன் அதில் பணம் போடுவது, சரக்கு அடுக்காத கடைக்கு மேளம் வைத்து ஆள் அழைப்பது போலாகும்.

பணமும் சட்டமும்

2016ஆம் ஆண்டில் தொடங்கிய யு.பி.ஐ. முறை எம்போன்றோர்க்குப் பெரும் வரம். அதிலும் ஏமாற்று உண்டு. பணம் அனுப்பிவிட்டதாகப் போலிப் படம் ஒன்றை அனுப்பிச் சரக்கைக் கேட்பர். படத்தை நம்பாமல், நம் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதா என்று பார்த்தபின்பே அனுப்ப வேண்டும். பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை இடத் தேவையே இல்லை. பணம் தருவதற்கென்று சொல்லி அதைக் கேட்பவர் பணத்தை எடுக்க வருபவரே.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இணைய வழி விற்பனைக்கும் பொருந்தும். தவறான விளம்பரம் செய்வது சிறு கடைக்காரர்க்கும் குற்றமே. பிறர் எடுத்த படத்தை நம் சரக்கு என்று போடுதல், திரைப்படப் பாடலை உரிமையின்றி விளம்பரத்திற்குச் சேர்த்தல் ஆகியவை பதிப்புரிமையை மீறுவன. வாடிக்கையாளர் உடுத்திய படத்தை அவர் இசைவின்றி வெளியிடலாகாது. எங்கள் வீட்டில் எவர் முகமும் பக்கத்தில் வேண்டாம் என்று முடிவு செய்து, கொடியில் விரித்தே சேலையைப் படமெடுக்கிறோம். வெளிமாநிலங்களுக்கு விற்பதாயின் ஜி.எஸ்.டி. விதிகள் வேறுபடும், அறிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுதல் நலம்.

கைகளின் எல்லை

சென்ற தீபாவளிக்கு முன் நாங்கள் எதிர்பாராதது நடந்தது. ஒரே வாரத்தில் இருபத்தாறு சேலைகளுக்கு ஆர்டர் வந்தது. இருவர் கைகளால் அதற்குள் கட்டி முடிப்பது இயலாது. முன்பணம் தரவும் பலர் அணியமாக இருந்தனர். எனக்கோ ஒன்றையும் விட மனமில்லை. அன்னை விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “பதினாலுதான் முடியும்” என்றார். மற்றவர்களுக்கு மறுப்புச் சொல்லும் செய்தியை நான்தான் எழுத வேண்டியிருந்தது. “இத்தீபாவளிக்கு இனிக் கைமுடிச்சுச் சேலை தர இயலாது. பொறுத்திருக்க இயலுமானால் பொங்கலுக்குத் தருகிறோம். முன்பணம் வேண்டியதில்லை” என்று எழுதினேன். அப்பக்கத்தில் நான் எழுதியவற்றுள் கடினமானது அதுவே.

பன்னிரண்டு பேரில் ஏழு பேர் பொங்கலுக்கு வாங்கினர். ஐந்து பேர் வரவில்லை. ஐந்து பேரை இழந்தோமே என்று நான் வருந்தியபோது அத்தை, “ஏழு பேரு காத்திருந்தாங்களே, அதப் பாக்க மாட்டியா?” என்றார். கூலிக்குக் கட்டிய நாளில் அவர்களுக்காக யாரும் காத்திருந்ததில்லை என்பது எனக்கு அப்பொழுதுதான் உறைத்தது.

முடிவுரை

மாணவ நண்பர்களே, நம் கல்லூரியில் பயில்வோர் பலருடைய வீட்டிலும் ஒரு கைத்தொழில் இருக்கிறது. பாய் முடைவோர், மண்பாண்டம் வனைவோர், தையல் தைப்போர், பலகாரம் செய்வோர், பூத்தொடுப்போர் எனப் பலர் பிள்ளைகளாக நாம் இங்கே அமர்ந்திருக்கிறோம். நாம் மூன்றாண்டு கற்கும் கல்வியில் ஒரு மாலைப்பொழுதை அவர்கள் தொழிலுக்குத் தரலாம். நம் துறைப் பேராசிரியர்கள் இதனை ஒரு செய்முறைப் பயிற்சியாகவே அமைத்துத் தந்தால் இன்னும் சிறப்பாகும்.

அவ்வாறு செய்யும்போது என் முதல் பக்கத்திற்கு நேர்ந்ததை நினைவில் வையுங்கள். பக்கம் அவர்கள் பெயரில் இருக்கட்டும். சாவி அவர்கள் பெட்டியில் இருக்கட்டும். விலையையும் குறையையும் மறைக்காமல் எழுதுங்கள். கைகளால் இயன்ற அளவுக்கே வாக்குக் கொடுங்கள். பதில் சொல்லும் முறையை அவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள். இப்போதெல்லாம் எட்டு மணிக்கு என் அன்னையே கண்ணாடியை அணிந்துகொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டி, “நீலம் இருக்கு அம்மா, ரவிக்கத் துணி கிடையாது” என்று பதில் எழுதுகிறார். பிழை இருந்தால் நான் திருத்துவதில்லை. அது அவருடைய கடை.